மாதாவின் பாதம்

15.5.1997, வியாழன். பாரிஸ்.

தம்பி சேவியர் வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. ஆறு வருடத்துக்கு முன் அம்மாவின் அடக்கத்துக்கு ஒரு பிடி மண் போட வராதவன். டிக்கெட் அனுப்பினால் அது மறந்துவிடுமா என்று நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறினேன்.

இன்று ஓவிய மியூசியத்துக்கு அழைத்துப் போனான். ஓர் அறையில் பழைய மரச் சுரூபமாக மாதா நின்றாள். நீடாமங்கலத்தில் கோயிலுக்குள் நுழைந்தால் செய்வதைத்தான் செய்தேன். பாதத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டேன். உடனே மணி அலறியது. காவலாள் ஓடிவந்தார். ஐம்பத்திரண்டு வயது வாத்தியார், திருடன்போல் நின்றேன்.

சேவியரைப் பார்த்ததும் காவலாள் சிரித்துவிட்டார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றான்?"

"உங்க குடும்பமே இப்படித்தானான்னு கேக்கறாருண்ணே."

"அப்படின்னா?"

"அம்மா போனப்ப எனக்கு இங்க தங்கறதுக்கான கார்டு வரலை. ஊருக்கு வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. அன்னிக்கு இங்க வந்துதான் தொட்டேன். வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு வந்து இவர்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போறேன்."

"எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினேனே. படிச்சீங்களா?"

அவனுடைய இரண்டு கடிதங்கள் பிரிக்காமலே என் பீரோவில் கிடக்கின்றன. ஊர் போனதும் பிரிக்க வேண்டும். அவன் வேண்டுமென்று வராமலிருக்கவில்லை. அது போதும். மனசு லேசாக இருக்கிறது.

ஆனாலும் ஒரு போனாவது செய்திருக்கலாம். போகட்டும். பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான். எனக்கும் தூக்கம் வருகிறது.