கல்லீரலுக்கு மூலிகை மாத்திரை

கண்ணு,

நீ அனுப்பிய சட்டை அப்பாவுக்குத் தோளில் தொளதொளக்கிறது, வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை.

போன வருடம் உன் கல்லீரலில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுக்கிறேன் என்றாய். "அப்பா வேண்டாங்கறாரு, மூலிகை மாத்திரையிலேயே சரியாயிட்டு வருது" என்று போனில் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அழுதுவிட்டு, சரி என்றார். இரண்டு பேரையும் ஒரே நாளில் கத்திக்குக் கொடுக்க எனக்குத்தான் மனம் வரவில்லை. அவரிடம் இதைப் பேசாதே, வருத்தப்படுவார் என்று உன் வாயையும் அடைத்தேன்.

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. கண்ணில் மஞ்சள் குறைகிறது என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

இன்று டாக்டர் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "இனிமே ஆபரேஷனைத் தாங்க மாட்டாரும்மா. முன்னாடியே வந்திருக்கணும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுகிட்ட இதச் சொல்லாத. பாவம், பயந்துதானே அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. தன்னாலதான்னு நெனச்சு உடைஞ்சுபோயிடுவா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ பயப்படவில்லை என்று சொல்ல வாய் திறந்தால் மற்றதையும் சொல்ல வேண்டும், என்னால் முடியவில்லை. அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வந்து, நீயே சொல்லிவிடு.

அம்மா