வலப்பக்க விசை

அன்புள்ள வாண்டின் அம்மாவுக்கு,

நலம். உன் நலமும் உன் பெற்றோர் நலமும் அறிய ஆவல்.

முதலில் மனு. மணமுறிவு மனுவில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தை இன்னும் இடவில்லை. இது தாமதமே, மறுப்பு அன்று.

பள்ளியாண்டு முடியும்வரை வாண்டு என்னிடம் என்று நாம் ஒப்புக்கொண்டபடி, அவளுடைய சாப்பாட்டிலும் தூக்கத்திலும் குறை வைக்கவில்லை. ஒரு பல் விழுந்தது. உனக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.

கணினி வகுப்பில், திரையில் உள்ள வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து விளையாட்டு உருவாக்கச் சொல்லித்தருகிறார்கள். ஒவ்வொரு கட்டையும் ஓர் ஆணை. அவள் ஒரு வீடு செய்திருக்கிறாள். வாசலில் ஒரு பூனை. விசைப்பலகையின் இடக்கோடி விசையையும் வலக்கோடி விசையையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கதவு திறக்கும். பூனை உள்ளே போகும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்காட்சி. நேற்று ஆசிரியை என்னை வரச்சொல்லி, "சார், ஒருத்தர் அமுக்குனா திறக்கவே மாட்டேங்குது. பாக்க வர்றவங்க கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. ஒரே ஒரு கட்டையை மாத்துனா போதும். இவ அசைய மாட்டேங்கிறா. இப்படியே இருந்தா வைக்க முடியாது" என்றார். வாண்டு தலை நிமிராமல், "மாத்துனா அது எங்க வீடு இல்ல மிஸ்" என்றாள்.

மாலையில் வீட்டில் நானே சோதித்துப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் இரண்டு விசைகளையும் அழுத்தினேன். கதவு திறந்தது. அவள் கணினியைப் பட்டென்று மூடினாள். "போங்கு ஆட்டம்ப்பா! வலது பக்கம் அம்மாவோடது. எப்பவும் ரெண்டையும் நீயேதான் அமுக்குற!"

எந்த வீடு, எந்தப் பள்ளி, நீ எப்போது வேலையை விடுவது என எல்லாவற்றிலும் உன் பதிலையும் நானே சொல்லிவந்தேன். இதற்கு அவளைவிட நேரடிச் சாட்சி இல்லை. குறுக்கு விசாரணைக்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை.

எதையும் மாற்ற வேண்டாம் என்று இன்று காலை ஆசிரியையிடம் வேண்டிக்கொண்டேன். ஒருவர் வருவது உறுதி, மற்றவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் கேட்கிறேன். வருவாயா?

நீ வருவதால் மனுவில் உனக்குள்ள எந்த உரிமையும் பாதிக்கப்படாது. இக்கடிதமே அதற்கு ஆதாரம். மேலே 'மறுப்பு அன்று' என்ற சொற்கள் இப்போது உண்மையில்லை என்பதால் அவற்றை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டிருக்கிறேன்.

இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாண்டின் அப்பா