ஆட்டு மூளையும் தொப்புள் ஊசியும்

12.3.87, வியாழன்

பங்குனி பிறக்கல, அதுக்குள்ள இந்த வெயில். காலேஜ் லேப்ல ஃபேன் போட முடியாது, சீவின துண்டெல்லாம் பறக்கும். பேகம்பூர் பாய் கறிக்கடையில் வழக்கம்போல ஆட்டுத்தலை ஒண்ணு. மூளையைச் சீவும்போது பிளேடு இடது கட்டைவிரலில். ரத்தம். டிஞ்சர்.

மதியம் ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில். நரம்பைச் சுத்தின கொழுப்பு உறை அம்புட்டும் பொன்னாட்டம் மின்னுது. இருட்டறையில் தனியா சிரிச்சேன். எங்க கைடு சார் எட்டிப் பார்த்து, தேறிருவ என்றார்.

14.3, சனி

மண்ணெண்ணெய் வாங்கணும். தலைக்குக் குளிக்கணும்.

ரெண்டும் நடக்கல. பாய் லேபுக்கே வந்துட்டார். லேப்ல இருக்கிற யாரும் அவருக்கு டீச்சரம்மாதான். அந்த ஆடு ரெட்டியார்சத்திரத்தில் வாங்கினதாம். வித்தவர் வீட்டு நாய்க்கு வெறி பிடிச்சு அடிச்சே கொன்னு போட்டாங்களாம். அதுக்கு முன்னால இந்த ஆட்டையும் கடிச்சிருக்கு. இவருக்கு இன்னைக்குத்தான் சேதி. தலையைப் பிளந்த கையில் அவருக்கும் கீறல். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

15.3, ஞாயிறு

அம்மாகிட்ட சொல்லல.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஊசிதான்னுட்டார். தினமும், தொப்புளைச் சுத்தி. அந்த மருந்தை ஆட்டு மூளையிலதான் செய்றாங்க. இது எனக்குத் தெரியாமலே இருந்திருந்தா நல்லாருக்கும். வியாழக்கிழமை மின்னுச்சே, அதே கொழுப்பு அதிலும் இருக்கும். எப்பவாவது ஒருத்தருக்கு உடம்பு அதை எதிர்த்துக் கிளம்பி, தன் நரம்பு உறையையே தின்னுரும். கால் விளங்காமப் போயிரும். டாக்டர்கிட்ட கேட்டேன். இல்லேன்னு சொல்லல. "வெறி வந்தா பிழைக்க முடியாதும்மா."

பயமா இருக்கு. போட்டாலும் பயம், போடாட்டியும் பயம்.

16.3, திங்கள்

ஆஸ்பத்திரி வாசலில் பாய். ஓதின தண்ணி குடிச்சாச்சு, ஊசி வேணாம்னு வீட்டில் சொல்றாகளாம். என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க படிச்சவுக. நீங்க போட்டா நானும் போட்டுக்கிறேன்."

கொழுப்பு விஷயம் வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா ஊசி போடாம போயிருவார். சொல்லல. ரெண்டு பேரும் போட்டுக்கிட்டோம். அப்பா, என்னா வலி.

23.3, திங்கள்

வயிறெல்லாம் கட்டி. லேப் பக்கமே போகல.

காலையில் இடது பாதம் மரத்துக் கிடந்தது. சம்மணம் போட்டதாலயா? தரையில் தட்டித் தட்டிப் பார்த்தேன். போகல. சாமி, வேணாம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பாய். ஏன் காலை இழுக்குறீகன்னு கேட்டார். சொல்லிட்டேன் எல்லாத்தையும். ஊசியால இருக்கலாம், உங்களுக்கும் வரலாம், எனக்கு முதல்லயே தெரியும்னு. திட்டுவார்னு நினைச்சேன். குனிஞ்சு தன் காலைப் பார்த்தார்.

"எனக்கு நேத்துலேருந்து இருக்கு டீச்சரம்மா. சொன்னா நீங்க ஊசிய நிறுத்திருவீகன்னு சொல்லல."

நர்ஸ் ஊசிக்குப் பேரைக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் எந்திரிக்கல.