உள்தாழ்ப்பாள்

சின்னவளின் அம்மாவுக்கு,

சோறும் குழம்பும் அடுப்புமேல் இருக்கின்றன, இருவரும் சாப்பிடுங்கள். நான் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

நேற்று நான் உதைத்து உடைத்த படுக்கையறைக் கதவை மாற்றிவிட்டேன். முன்பு மூன்று தடவை மாற்றியபோதும் உள்தாழ்ப்பாளுக்குக் குட்டைத் திருகாணிதான் போட்டேன். அது தாங்காது என்று தச்சனான எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன். இந்தத் தடவை விரல் நீளத் திருகாணி.

உன் தம்பியை உள்ளே தாழ் போடச் சொல்லி, வெளியே நின்று தோளால் இடித்துப் பார்த்தேன். மூன்று இடி போதும் என்றுதான் ஆரம்பித்தேன். பன்னிரண்டு ஆகியும் நிறுத்த முடியவில்லை. "போதும் மாமா, பயமா இருக்கு" என்று உள்ளேயிருந்து கத்தினான். பெரிய மரக்கட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிறவன் அவன். கதவு அசையவில்லை.

கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்கிறார் டாக்டர். எனக்கு நாலுக்குள் கை ஓங்கிவிடுகிறது. எண்ணிப் பழகும்வரை, என் குரல் ஏறியதும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொள்.

உன் உதட்டுக்கு மருந்து ஜன்னலில் இருக்கிறது.

இதை எழுத மறந்துவிட்டேன்: நீ தாழ் போட்ட கொஞ்ச நேரத்தில் வெளியே நின்று அழுவேன். "தப்புதான், கதவத் திற" என்று கெஞ்சுவேன். போன மாதம் அதை நம்பித் திறந்துதான் உன் பல் போயிற்று. திறக்காதே.