அரைவாசி விலைக்கு எழுதியவள்

இன்று மத்தியானம் உரும்பிராய்க்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த ஒரு அம்மா யூக்கலிப்டஸ் தைலத்தை எடுத்து மணிக்கட்டில் தேய்த்தார். நீர்தான் வந்து இருந்துவிட்டீர் என்று ஒரு கணம் திரும்பிவிட்டேன். நாள் முழுக்கத் தட்டச்சுச் செய்த கைக்கு நீர் பூசுகிற அதே மணம். நீர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இன்றைக்கு நடந்ததை உமக்குத்தான் சொல்லவேண்டும். வேறு யாருக்கும் விளங்காது.

எங்கள் தொழிலுக்கு ஊரில் சரியான பெயர்கூட இல்லை. எந்தக் கந்தோரிலும் மாதச் சம்பள வேலை இல்லை. கூப்பிடுகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்போம். இறந்தவர்களுக்கு நினைவு மலர், கோயிலுக்குச் சிறப்பு மலர், நிறுவனங்களுக்கு அறிக்கை. ஒரு கூட்டத்தில் குறிப்பெடுக்க இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் உம்மைக் கண்டேன். தேநீர் குடிக்கும்போது நீர் என் பெயரைக் கேட்கவில்லை. "உமக்கு எவ்வளவு தாறதெண்டு சொன்னவை?" என்றுதான் கேட்டீர். சொன்னேன். "எனக்கு அதைவிடக் கூட. போய்க் கேளும்," என்றீர். போய்க் கேட்டேன். தந்தார்கள்.

அதன்பிறகு வேலை வந்தால் முதலில் ஒருவருக்கொருவர் போன் எடுப்பது என்றாகிவிட்டது. ஆட்களிடம் போய்க் கதை கேட்டு எழுதுகிற வேலை என்றால் பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா என்று உம்முடைய குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்து முடிவுசெய்தோம். எனக்கு அது கூடப்போலத் தெரிந்தது.

"வீட்டு வேலை முடிச்சு மிச்ச நேரத்தில எழுதுறம் எண்டு நினைக்கினம். மிச்ச நேரத்துக்கு என்ன விலை எண்டும் நினைக்கினம்," என்றீர். "பஸ்ஸில போறது, கதை சொல்லுறவை அழுதால் பேசாமல் இருக்கிறது, நாலுதரம் திருத்திறது, எல்லாம் இந்த வேலைதான். ரெண்டு பேரும் இதைத்தான் சொல்லுவம். ஒராள் குறைச்சால் மற்றவவுக்கு வேலை இல்லை."

ஓம், சரி என்றேன். நீர் போட்டுத் தந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் சொன்னேன்.

தொண்டைமானாற்றில் கடலுக்குப் போகிற குடும்பங்களின் கதைகளைப் புத்தகமாக்க ஒரு நிறுவனம் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டது. முதல் நாள் நீர் போய் எங்கள் விலையைச் சொல்லிவிட்டு வந்தீர். எனக்கு அப்போது மூன்று மாதமாக ஒரு வேலையும் இல்லை. அடுத்த நாள் நான் போய் அதே விலையைச் சொன்னபோது, அதிகாரி பேனையை மூடிவைத்துவிட்டு, "இது விலை கூட, தங்கச்சி," என்றார். எழும்பி வந்திருக்கலாம். என் வாய் எழுநூற்றைம்பது என்றது. வேலை எனக்குக் கிடைத்தது. நீர் போன் எடுத்துக் கேட்டபோது, "இன்னும் ஒண்டும் சொல்லேல்லை," என்று பொய் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரியே என் விலையை உமக்குச் சொல்லியிருக்கிறார். நீர் என் வீட்டுக்கு வந்தீர். ஏசப்போகிறீர் என்று பயந்து கதிரையை இழுத்துப் போட்டேன். நீர் இருக்கவில்லை.

"காசுக்குக் கஷ்டம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அந்த வேலைக்கே போயிருக்கமாட்டன். முழு விலைக்கும் நீரே செய்திருக்கலாம்."

"எனக்குப் பயமாயிருந்தது," என்றேன்.

"எனக்கும்தான். எனக்கும் அப்ப வேலை இல்லை."

அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் சமாதானமாகியிருக்கலாம். பிறகு கலியாண வீடுகளில் கண்டால் சுகம் விசாரித்தோம். போன் எடுப்பது நின்றுபோனது. அந்த நிறுவனம் எல்லோருக்கும் எழுநூற்றைம்பதுதான் என்று வைத்துக்கொண்டது. நீர் அந்தப் பக்கம் போகவேயில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கத் தொடங்கினீர் என்று கேள்விப்பட்டேன்.

நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தரம்தான் வந்தேன். உம்முடைய கை மெலிந்துபோயிருந்தது. "என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன்.

"இப்ப எவ்வளவு கேக்கிறீர்?" என்றீர்.

சொன்னேன்.

"காணாது, இன்னும் கூடக் கேளும்," என்று கண்ணை மூடிக்கொண்டீர். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

ஒரு பாடசாலையின் வரலாற்றை எழுதித் தரக் கேட்டிருந்தார்கள். இன்று காலை அதற்காகத்தான் பட்டணத்துக்குப் போனேன். அந்தக் காணாத விலையை விட்டு, நீர் இருந்தால் சொல்லியிருக்கக்கூடிய விலையைச் சொன்னேன்.

"வேற ஒரு அம்மா இதில அரைவாசிக்குச் செய்யிறன் எண்டிட்டா. நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றார் அங்கே இருந்தவர்.

"குறைக்கேலாது," என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

படியில் இறங்கும்போது போனைக் கையில் எடுத்தேன். போன் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பெண் யாராயிருக்கும், எத்தனை மாதமாக வேலை இல்லாமல் இருக்கிறாரோ என்று யோசித்தேன். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த அதிகாரி என் விலையைச் சொன்னபோது அவர் முன்னால் நீர் எப்படி இருந்திருப்பீர் என்று நினைத்துப் பார்த்தேன். அதுதான் பஸ்ஸிலும் வீட்டிலும் என்னை விடாமல் கூடவே இருக்கிறது. எனக்கு இதைச் செய்தவரை எனக்குத் தெரியாது. உமக்கு என்னைத் தெரிந்திருந்தது.