அந்த ஊட்டு அப்பா

கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா, ஏம்ப்பா போன பொட்டுன்னு வச்சிட்டன்னு கேட்டு வாய்ஸ் போட்டிருந்த இல்ல, அதுக்குத்தான் எழுதறேன். நல்லா இருக்கியா, வேளைக்கு சாப்புடறியா, சைரன் கத்துனா மொதல்ல உன் உயிர பாக்கறியா. இங்க நானும் உங்கம்மாவும் கையி காலு முழுசா இருக்கோம், அதுல ஒண்ணும் கொற இல்ல. போன்ல சொன்னா நான் கத்திடுவேன், அதான் பேப்பர்ல. உன்ன மாதிரி அங்க வேல பாக்கற தேவசகாயம் லீவு முடிஞ்சி திரும்ப ஜெருசலேம் வர்றான், போற வழியில செம்மங்குப்பத்துல நிறுத்தி பார்சல வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கான். இன்னைக்கு சனிக்கெழம, எப்புடியும் நீ போன எடுக்க மாட்ட.

என்னா நடந்துச்சின்னு உனக்கே தெரியல பாரு. வீடியோ ஓடிட்டிருக்கு, நீ திரும்பி அப்பான்னு கூப்புட்ட. நான் சொல்லு பாப்பான்னேன். நீ என்ன கூப்புடல. சக்கர நாற்காலில உக்காந்திருக்கற, நீ கூட இருந்து பாத்துக்கற அந்த யூதப் பெரியவர கூப்புட்ட, அவரு திரும்பிப் பாத்து சிரிக்கறாரு, உங்கம்மா பக்கத்துல நின்னுகிட்டு என் மூஞ்சப் பாத்து சிரிக்கறா. அவுங்க எபிரேய பாஷையிலயே அப்பாவுக்கு அப்பான்னுதான் பேராம், அவரு புள்ளைங்க கூப்புடறத கேட்டு நீயும் கூப்புட்டுப் பழகிட்டியாம். தேவசகாயமும் அது அந்த ஊரு வார்த்ததான் மாமான்னு சத்தியம் பண்றான். சரி, இருக்கட்டும். உலகத்துல அவ்ளோ பாஷ இருக்கு, அந்த ஒரு வார்த்ததானா ரெண்டு ஊருக்கும் ஒண்ணா இருக்கணும். அவருக்கு எலியேசர்னு ஒரு பேரு இருக்குது இல்ல, அத வச்சி கூப்புடேன். எங்கப்பன் வயசு இருக்கும் அந்தாளுக்கு. உன்ன ஸ்கூல்ல வுட வந்தப்ப உங்க அண்ணனான்னு டீச்சர் கேட்டாங்களே, அந்த அப்பன் நான்.

உங்கம்மா சொல்றா, பொறாம புடிச்சி அலையறியேன்னு. ஆமா, பொறாமதான், என்னா இப்ப. இங்க இருந்தப்ப வெள்ளிக்கெழம கவிச்சி வேணாம்னு அவ சொன்னா நீ தட்டத் தள்ளி வுட்டுட்டுப் போவ. அங்க என்னடான்னா பாலுக்கு ஒரு சிங்க்கு, கறிக்கு ஒரு சிங்க்கு, கறி துன்னா இத்தினி மணி நேரம் கழிச்சிதான் பாலு ஊத்துன டீயின்னு எனக்கே பாடம் எடுக்கற. சிதம்பரத்துல உன் சிநேகிதி பிரியம்வதா ஊட்டுக்குப் போயிட்டு வந்து, மடித்துணியாம், தொடக்கூடாதாம்னு ஒரு வாரம் நடிச்சிக் காட்டி சிரிச்சவ நீ. போன வாரம் லோடு எறக்கப் போனப்ப அவ அண்ணன் சபேஷ் கிட்ட இதச் சொன்னேன். எங்க ஊட்டுல சொன்னா கிண்டலு, ஜெருசலேம்ல சொன்னா சட்டமா, நல்லா இருக்கு மாமா உங்க பொண்ணு நாயம்னான். அந்த சாமிக்கு உருவமே கெடயாதாமேடான்னு கேட்டதுக்கு, இங்க மட்டும் என்னாவாம், தெரய வெலக்குனா வில்வ மாலதான தொங்குதுன்னு கோபுரத்துப் பக்கம் கைய காட்டுனான். அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சிச்சி. மத்ததெல்லாம் நீதான் சொல்லணும். சனிக்கெழம அவுங்க ஒரு வேலயும் செய்யக்கூடாதாம், சரி, ஒரு சுச்ச அமுக்கறது எப்புடி வேலயாவும், நான் மூட்ட தூக்கறேன், அதுதான வேல. வாசக்கால்ல அவுங்க வேதத்த எழுதி உள்ள வச்சி ஒரு சின்னக் கூடு அடிச்சி வச்சிருக்காங்களே, நீயும் அத தொட்டு விரல முத்தம் குடுத்துட்டுத்தான் உள்ள போற, உன்ன யாரு தொடச் சொன்னா. அந்த சனிக்கெழம சட்டம் உனக்குக் கெடயாதுன்னும், ரூம்புக்குள்ள போயி போன் பேசுனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னும் தேவசகாயம் சொல்றான். அப்ப நீயாதான் போன டிராயர்ல வச்சிப் பூட்டற. அவுங்களுக்கு வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சாதான் அந்த நாளு முடியுமாமே, நானும் வாசல்ல நின்னு அண்ணாந்து பாப்பேன், இங்க கம்பெனி லைட்டு வெளிச்சத்துல ஒண்ணு தெரியறதே பெருசு.

எல்லாத்தையும் தாங்கிடுவேன், அந்த வெள்ளிக்கெழம சமாச்சாரம்தான் நெஞ்சுல குத்துது. வெளக்கு ஏத்தி, ரெண்டு ரொட்டிய துணி போட்டு மூடி வச்சி, சாப்புடறதுக்கு முன்னாடி அவரு புள்ளைங்க பேரப்புள்ளைங்க தலையில எல்லாம் கைய வச்சி ஆசீர்வாதம் பண்ணுவாராம், அப்புடியே உன்னயும் குனியச் சொல்லி உன் தலையிலயும் வச்சாராம். உனக்கு அழுவ வந்துடுச்சின்னு உங்கம்மா கிட்ட சொல்லியிருக்க, என் கிட்ட சொல்லல. நல்ல மனுசன்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தத் தலைக்கு சீயக்கா தேச்சி வுட்டவன் நான், பேனு பாத்தவன் நான். வாரா வாரம் அந்தாளு கைய வைக்கறாரு, நான் எட்டி எட்டிப் பாக்கறேன், என் கையி விருத்தாசலத்தக் கூட தாண்ட மாட்டேங்குது.

இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லி அவரு புள்ள கேக்கறாரு, இருக்கட்டுமாப்பான்னு கேட்ட. அதுக்கு இன்னும் நான் வாயத் தொறக்கல, தெரியும். பாலிடெக்னிக்க வுடாதடான்னு எங்கப்பா சொன்னாரு, மறுநாளே நான் பைய வுட்டுட்டு வந்துட்டேன். நீ என் பொண்ணு, வந்துடுன்னு நான் சொன்னா நீ எந்தப் பக்கம் போவன்னு எனக்குத் தெரியாதா. இருன்னு சொல்லவும் வாயி வரல. அதனால ரெண்டும் சொல்லல.

பார்சல்ல உங்கம்மா எறா கருவாடு வச்சா, நான்தான் எடுத்துட்டேன். செதிலும் துடுப்பும் இல்லாதது அந்த ஊட்டுக்குள்ள ஆவாதுன்னு நீ சொன்ன இல்ல. முதுநகர் மார்க்கெட்டுல போயி நெத்திலிக்கு செதிலு இருக்கான்னு கேட்டேன், அந்தம்மா என்ன ஏற எறங்கப் பாத்துட்டு, வாங்கறியா இல்ல கல்யாணம் பண்ணிக்கப் போறியான்னுது. இருக்குதாம், கைய வச்சாலே உதிந்துடுமாம். அதான் நெத்திலி. அப்பவும் அவர கேட்டுட்டு அடுப்புல வையி, அவரு மனசு கோணக்கூடாது. தலைக்கு எண்ண வையி, ராத்திரி கதவ தாப்பா போட்டுட்டுப் படு. நோய் நொடி அண்டாம, யாரு கிட்டயும் தல குனியாம நீ நல்லா இருப்ப, இத எழுதற கையத்தான் உன் தலையில வைக்கறேன்னு நெனச்சிக்க.

ஒண்ணு சொன்ன பாரு, அதத்தான் ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன். சனிக்கெழம ராத்திரிக்கு முன்ன அவரு லைட்ட போடுன்னு உன்ன நேரா ஏவக்கூடாதாம், ஐய இருட்டா இருக்கேன்னு மட்டும் சொல்லுவாராம், நீயா புரிஞ்சிகிட்டு எழுந்து போயி போடுவியாம். அந்தாளு பாதி வார்த்த சொன்னா உனக்குப் புரியுது. சரி, நானும் நேரா ஒண்ணும் சொல்லல, ஏவவும் இல்ல. தேவசகாயம் வந்து ஹாரன் அடிக்கறான், நான் போவணும். இங்க ஊடு இருட்டா இருக்கு பாப்பா.

உன் அப்பா, தமிழ்ல
பாலகுமார்