கீழ்த்தளத்து நான்காம் கட்டில்

கடல் கடந்து கற்கச் சென்ற என் மகளே, அவள் தோளுக்குப் பின்னால் நின்று இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கப்போகும் அறைத்தோழியரே, இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை, உள்ளத்துக்குத்தான் நலமில்லை. அங்கே உங்கள் நலம் எப்படி என்பது நான்கு நாள் முன்பு வரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் முறையீடு ஒன்றே ஒன்று, அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே வைத்துவிடுகிறேன். மகளே, நீ அழுகிய இடத்தில் நின்றுகொண்டு அழகாகப் பொய் சொன்னாய், அந்தப் பொய்யை நம்பி உன் சித்தி மகள் வருகிற திங்கட்கிழமை தன் வேலையை விடப்போகிறாள்.

இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். மூன்று நாளாக நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன ஆகும், நான் மேடை ஏறிவிடுவேன், நீயும் எதிர்மேடை ஏறிவிடுவாய், அம்மாவும் மகளும் கைதட்டு வாங்கத் தெரிந்தவர்கள், உண்மை மட்டும் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தாளில் எழுதுகிறேன். அஞ்சலில் போட நாளில்லை, பக்கம் பக்கமாக உன் அப்பா படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்புவார். எழுத்து மங்கலாக இருந்தால் அது அவருடைய கை, கசப்பாக இருந்தால் என்னுடையது.

செவ்வாய்க்கிழமை காலை உன் பழைய அறைத்தோழி நம் வீட்டுக்கு வந்தாள். நீங்களெல்லாம் அவளுக்குத் ‘தும்மல்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களாமே, அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை நீ அவளிடம் கொடுத்தனுப்பிய பெட்டியைத் திறந்தபோதே அறிந்துகொண்டேன். உன் குளிரங்கியை மேலே மடித்து வைத்திருந்தாய். விரித்தேன். உள்துணி முழுவதும் கருமை படர்ந்து, அதன் மேல் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்தாற்போல் பூஞ்சை. ஈரத்தில் கிடந்த மிதியடியும் எலி செத்த மூலையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை கூடம் முழுக்கப் பரவியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். துப்புரவுப் பணியாளர்களின் கூட்டங்களில் இருபது ஆண்டு பேசியவள் நான், அவர்கள் இறங்கும் குழிகளின் ஓரத்தில் நின்றவள். அங்கெல்லாம் மூக்கைப் பொத்தாத நான், என் மகள் உடுத்திய துணியைக் கண்டு பொத்தினேன்.

அந்தப் பெண் பதறாமல் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். “இது பரவாயில்லம்மா, எங்க தலையணைய நீங்க பாத்திருந்தா மயக்கமே போட்டிருப்பீங்க” என்றாள். பிறகு எல்லாம் சொன்னாள். தரைக்குக் கீழே ஓர் அறை, அதில் ஆறு கட்டில், காற்று வர வழியே இல்லை. சுவர் வியர்க்கும், துடைத்தால் கையோடு சுண்ணாம்பு வழுவழுவென்று வரும். குளியலறை நீர்வாய் அடைத்துக்கொண்டு முந்தைய ஆள் குளித்த நுரையும் முடியும் கணுக்கால் வரை நிற்கும், அதில் நின்றுதான் அடுத்தவள் குளிக்க வேண்டும். ஆறு பேருக்கும் ஒரே குளிர்ப்பெட்டி, அதன் கதவு மூடாததால் கயிறு கட்டியிருக்கிறீர்கள், அதற்குள் யாருடையதென்று தெரியாத ஒரு கிண்ணம் பச்சை பூத்து நான்கு திங்களாக இருக்கிறதாம், எடுத்துப் போடுபவள் கழுவவும் வேண்டும் என்பதால் ஒருத்தியும் தொடுவதில்லையாம். உங்கள் கல்லூரி என்பது மெத்தை நாற்காலி விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறை, ஆசிரியர் முன்பே பதிந்த பாடத்தை ஓடவிட்டுவிட்டுப் போய்விடுவார், நீங்களே உங்களுக்கு வருகை போட்டுக்கொள்வீர்கள். இதையெல்லாம் கேட்டு நான் உன்மேல் சினம் கொள்ளவில்லை, இரக்கம்தான் கொண்டேன். ஏமாற்றப்பட்டவள் குற்றவாளி அல்லள். அதற்கு அடுத்துச் சொன்னதுதான் என்னைச் சுட்டது.

உன்னை அனுப்பிவைத்த அந்த நிறுவனத்துக்காக நீ பேசி வெளியிட்ட காணொலிகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒரு திங்களுக்கு இரண்டாக ஐந்து திங்கள் வந்தன. கடற்கரையில் நீ, கல்பாலத்தில் நீ, மலைத் தொடர்வண்டியின் வாயிலில் கையசைத்தபடி நீ, அருங்காட்சியகத்தின் படிகளில் நீ. ‘இந்த வாரம் மலை ஏறினேன், முகில் என் தலை துவட்டியது’ என்று நீ சொன்னபோது நான் அண்டை வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தனையும் ஒரே நாளில் எடுத்ததாமே. நிறுவனத்தின் சிற்றுந்தில் எட்டுப் பெண்களை ஏற்றி, ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று நேரம் வைத்து இறக்கினார்களாம். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு சட்டை அணிந்துகொண்டு போய், இறங்கும் இடந்தோறும் ஒன்றைக் கழற்றினீர்களாம், நாள் வேறு என்று காட்ட. மலைத் தொடர்வண்டியில் ஏறினீர்கள், கையசைத்தீர்கள், அது கிளம்பும் முன் இறங்கிவிட்டீர்கள். அருங்காட்சியகத்தின் படியைத் தவிர உள்ளே ஒரு கல்லைக்கூடப் பார்க்கவில்லை. வளைந்த வழியில் நான்கு பேர் சிற்றுந்துக்குள்ளேயே வாந்தி எடுக்க, அந்த நாற்றத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் இறங்கி, ‘இந்நாட்டின் காற்றே மருந்து’ என்று பேசினாயாம். “ஓட்டுநர்கூட கைதட்டினாரும்மா, அவருக்கு நம்ம மொழி ஒரு சொல்லும் தெரியாது” என்றாள் தும்மல். அவள் சிரித்தாள், உடனே இருமினாள், இருமல் நிற்க நெடுநேரம் ஆனது. அவளுடைய நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, அதனால்தான் படிப்பை விட்டுத் திரும்பியிருக்கிறாள்.

நான் அப்போதும் நம்பவில்லை. உன் அப்பாதான் கைப்பேசியை எடுத்து வந்தார். பணிமனையில் முப்பது ஆண்டு பேருந்து பழுது பார்த்தவர், மனிதர்களைப் பார்த்தால் முதலில் கையைத்தான் பார்ப்பார். “எல்லாத்துலயும் கட்டவிரல்ல அதே பிளாஸ்திரி இருக்கு பாரு, ஓரம் பிரிஞ்சது கூட அதே மாதிரி பிரிஞ்சிருக்கு, அஞ்சு மாசம் ஆறாத காயமா என்னன்னு எனக்கு அப்பவே உறுத்துச்சு” என்றார். அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீதான் ஊரக் கூட்டிப் பெருமை பேசிட்டிருந்தியே, நடுவுல நான் எங்க பேசறது” என்றார். ஒரு காணொலியை ஒன்பது முறை பார்த்த தாய் நான். எங்கே மூச்சு எடுத்தாய், எந்தச் சொல்லில் குரலை இறக்கினாய் என்று பார்த்துத் திருத்தம் எழுதி அனுப்பினேன். உன் கையைப் பார்க்கவில்லை.

என் பங்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் உன்னைப்போல் பன்னிரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகிறவள் ஆவேன். நீ பள்ளியில் படித்தபோது நாள்தோறும் சாப்பாட்டுக்குப் பின் உனக்கு ஒரு தலைப்புக் கொடுப்பேன். மூன்று நிமிடம் அதை ஒட்டிப் பேச வேண்டும், பிறகு திரும்பி நின்று மூன்று நிமிடம் வெட்டிப் பேச வேண்டும். உன் அப்பா கரண்டியால் தட்டில் தட்டி நேரம் சொல்வார். நீ இரண்டு பக்கமும் வெல்வாய், நான் பூரித்துப்போவேன். அந்த ஆண்டுகளில் ஒரு நாளாவது, இதில் உன் மனம் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. பிழை என்னுடையது, அதை எண்ணினால் என் நாவே எனக்குக் கசக்கிறது. அதைவிடக் கசப்பது இன்னொன்று. கல்லூரியில் பேசப் போவதாகச் சொல்லி ஒரு நாட்டின் அழகைப் பற்றி நான்கு வரி கேட்டாயே, நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேனே, ‘கதவைத் தட்டினேன், உலகம் எழுந்து வந்து திறந்தது’ என்று. காணொலியில் நீ சொன்ன அந்த வரியைத்தான் உன் சித்தி மகள், உன் தங்கை, தன் ஆய்வகத்து மேசையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.

அவளை நினைத்துப் பார். மருத்துவமனை ஆய்வகத்தில் மூன்று ஆண்டு நாட்கூலிபோல் நின்று, போன மாதம்தான் நிலையான வேலை பெற்றாள். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அதே நிறுவனம் வழியாக அங்கே படிக்க வருவதற்காக, விலகல் கடிதத்தைத் தலைமை மருத்துவரிடம் கொடுக்கப்போகிறாள். கொடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், திரும்பக் கிடைக்காது. அவளுக்கு நிறுவனம் அனுப்பிய தங்குமிடத் தாளை எனக்குப் பெருமையாகக் காட்டினாள். உன் வீட்டு முகவரி. கீழ்த்தளம். நான்காம் கட்டில். தும்மலிடம் கேட்டேன், அது யாருடையது என்று. “அது உங்க பொண்ணு படுத்ததும்மா. பத்தாவது வீடியோ முடிஞ்சதும் மேல ஜன்னல் வச்ச ரூம் குடுத்தாங்க, அந்தக் கட்டில் காலியாத்தான் கிடக்கு” என்றாள். ஒரு சாளரத்துக்காகவா மகளே? வெளிச்சம் வேண்டும் என்று நீ ஏங்கியிருப்பாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீ மேலே ஏறுவதற்குக் கீழே உன் தங்கையைப் படுக்க வைப்பதா? சொல் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, இதை எழுதும்போது மெய்யாகவே இரண்டு முறை எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

நேற்று உன் சித்தி வீட்டுக்குப் போனேன், தும்மலையும் குளிரங்கியையும் கூட்டிக்கொண்டு. கேடுகாலம், உன் அப்பா அந்த அங்கியைச் சோப்புப் போட்டு மூன்று முறை துவைத்து வெயிலில் காயவைத்திருந்தார், மகள் உடுப்பு நாறக்கூடாதென்று. சான்றாக எஞ்சியது ஒரு கறைதான். உன் தங்கை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “துவைக்காம பெட்டியில வச்சா எந்த நாட்டுலயும் பூசணம் பிடிக்கும் பெரியம்மா” என்றாள். தும்மல் பேசியதற்கு, “அவங்களுக்கு அங்க ஒத்துக்கல, அதுக்காக எல்லாருக்கும் ஒத்துக்காதா” என்றாள். உன் சித்தி வாயைத் திறந்தாள், “ஊர்ல எல்லாரும் முன்னேறணும்னு தொண்டை கிழிய கத்துவ, என் பொண்ணு கிளம்புறான்னா மட்டும் உனக்கு வயிறு எரியுதாக்கா” என்று. நான் எழுந்து பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், அதுதான் கேடு. என் குரல் ஏற ஏற, உன் தங்கையின் முகம் மூடிக்கொண்டே போனது. கடைசியில் அவள் மெல்லச் சொன்னாள், “பெரியம்மா, நீங்க எதையும் எதிர்த்துப் பேசிப் பழகினவங்க. எதிர்த்தா எதுவுமே கெட்டதாத்தான் தெரியும். அக்கா சொல்லட்டும், நான் நம்பறேன்.” ஆயிரம் பேரைத் திரட்டிய வாய், ஒரு பெண்ணைத் தடுக்க முடியாமல் வாசற்படி இறங்கி வந்தது.

வாழ்த்தும் கூறத்தான் வேண்டும், எத்தனை வெறுத்தாலும் பெற்றவள் அல்லவா. உன் நெஞ்சில் சளி சேராதிருக்கட்டும், உன் கால் உலர்ந்த தரையில் நிற்கட்டும், நீ விரும்பினால் திரும்பி வா, தோற்றுவிட்டாள் என்று இங்கே எவள் சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா கட்டைவிரல் ஆறியதா என்று கேட்கச் சொன்னார், அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

இனி உனக்கு என் தமிழ் வேண்டாம், வரி எழுதித் தரமாட்டேன், மூச்சு எங்கே எடுப்பது என்றும் சொல்லமாட்டேன். கைப்பேசியை எடு. முகம் கழுவாதே, சட்டை மாற்றாதே. கீழ்த்தளத்துக்குப் போ. நான்காம் கட்டிலை இழுத்துவிட்டு அதன் பின்னால் உள்ள சுவரைக் காட்டு, கயிறு கட்டிய குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டு, நீர்வாயைக் காட்டு, உன் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் சொன்னதெல்லாம் பொய்டி என்று ஒரே ஒரு வரி சொல். அவளுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பத்துக் காணொலிகளையும் அழி. அந்தச் சாளர அறை பறிபோகும், போகட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பேசப் பழக்கிய
அம்மா

மேலேயிருந்து கீழே பதினான்கு படி என்று தும்மல் சொன்னாள். இந்த வரியைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருந்தால், எழுந்திரு. இறங்கு.